என் உயிரைக் காப்பாற்றிய நண்பன்தான் என் கடிதங்களையும் மறைத்தான்

கேள்வி:

எனக்கு 65 வயது. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவன். 40 வருடத்துக்கு முன் போர்முனையில் இருந்தபோது, எங்கள் யூனிட்டுக்கு அருகே இருந்த கள மருத்துவமனையின் நர்ஸ் ஒருத்தியை விரும்பினேன். அவளும் என்னை விரும்பினாள். சண்டை முடிந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். இந்த விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் என் உயிர் நண்பன் மட்டும்தான்.

ஒருநாள் நாங்கள் போன வண்டிமேல் ஷெல் விழுந்து தீப்பிடித்தது. நகர முடியாமல் கிடந்த என்னை, நெருப்புக்குள் கையை விட்டு இழுத்து வெளியே போட்டான் அவன். அவன் கைகளில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது. என்னைத் தொலைவில் இருந்த பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஏழு மாதம் படுக்கை. அவள் இருந்த கள மருத்துவமனை இடம் மாறிக்கொண்டே இருந்ததால், அவளுக்கான கடிதங்களை நண்பன் பெயருக்கே அனுப்பினேன். வலது கையில் கட்டு இருந்ததால் முதல் சில கடிதங்களை வார்டு உதவியாளர் எழுதிக் கொடுத்தார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கடைசியில் நண்பன், "அவள் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள், எங்கே என்று தெரியவில்லை" என்று எழுதினான். மனம் வெறுத்துப் போனது. நான்கு வருடம் கழித்து வீட்டில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனைவி. ஒரு மகள், ஒரு பேரன். பழைய காதலைப் பற்றி மனைவியிடம் சொன்னதே இல்லை. என் நண்பனை அவள் தெய்வமாக நினைக்கிறாள். "உங்களை எனக்குக் கொடுத்தவர்" என்பாள்.

அடுத்த மாதம் யூனிட்டின் ஒன்றுகூடல். முதல்முறையாக கள மருத்துவமனையில் வேலை செய்தவர்களையும் அழைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. கணவர் காலமாகிவிட்டாராம். இரண்டு நாள் கழித்து நண்பன் ராத்திரியில் போன் செய்து அழுதான். என் கடிதங்களை அவளிடம் கொடுக்கவே இல்லையாம். அவனுக்கும் அவள்மேல் ஆசை. "அவனுக்கு வீட்டில் பெண் பார்த்துவிட்டார்கள், உன்னை மறந்துவிடச் சொன்னான்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் அவனையும் ஏற்கவில்லை.

அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. வண்டி எரிகிற கனவு திரும்ப வருகிறது. அவன் இல்லாவிட்டால் நான் அன்றே செத்திருப்பேன். அவனைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறதா? நடந்ததற்குக் கோபப்பட்டால் என் மனைவியையும் மகளையும் வேண்டாம் என்று சொல்வதுபோல் ஆகாதா? மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டுமா? அந்த நர்ஸிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா? ஒன்றுகூடலுக்குப் போகலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

தேதி நெருங்குவதால் உங்கள் கடைசிக் கேள்விதான் உங்களை விரட்டுகிறது. ஆனால் போகலாமா என்பது, அதற்கு முன் யார் யாரிடம் என்ன பேசி முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் உங்கள் மனைவி. அப்புறம் நண்பர். அதற்குப் பிறகு அந்தப் பெண்மணி. ஒன்றுகூடல் நடக்கும் மண்டபம் எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையில் ஒன்றை நீங்கள் தாண்டினாலும், விடுபட்டவர் அந்த மண்டபத்தில் பத்துப் பேர் நடுவில் விஷயத்தைத் தெரிந்துகொள்வார். போருக்குப் போய்வந்தவர்களுடனும் அவர்கள் குடும்பங்களுடனும் வேலை செய்பவள் நான். இம்மாதிரி விஷயங்களில் உண்மையைவிட, அது வந்து சேர்ந்த விதம்தான் குடும்பங்களை அதிகம் உடைத்திருக்கிறது.

அதற்கு முன் உங்கள் தூக்கம். எரிகிற வண்டி ஏன் இப்போது கனவில் வருகிறது என்று பயந்திருப்பீர்கள். பல பத்தாண்டுகள் வேலை, வீடு என்று நன்றாக இருந்த முன்னாள் வீரர்களுக்கு, ஓய்வு பெற்ற பிறகோ உடல் தளரும்போதோ நெருங்கியவர்களை இழக்கும்போதோ போர் நினைவுகள் திரும்ப வருவதை பாஸ்டனில் உள்ள ஆய்வாளர்கள் 2000-களில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். புதிதாக ஏதோ நோய் வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலையும் பொறுப்பும் குறையும்போது, அவை அமுக்கி வைத்திருந்தது மேலே வருகிறது. உங்களுக்கு இதோடு ஒரு போன் அழைப்பும் சேர்ந்துகொண்டது. நெருப்பும் கடிதங்களும் இத்தனை நாள் உங்கள் மனத்தில் தனித்தனியாக இருந்தன. அந்த ராத்திரி உங்கள் நண்பர் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்.

கனவும் தூக்கமின்மையும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பகலிலும் அந்தக் காட்சி கண்முன் வந்து நின்றாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். போர் அனுபவத்தின் பின்விளைவு 1980-லேயே மருத்துவ நூல்களில் தனி நோயாக ஏற்கப்பட்டுவிட்டது. அதற்குப் பேச்சு வழியிலான நல்ல சிகிச்சைகள் உள்ளன. இந்த வயதில் என்ன சிகிச்சை என்று தள்ளிப்போட வேண்டாம். தூக்கத்துக்காக மதுவைத் தேடவும் வேண்டாம். அது முதலில் கொஞ்ச நேரம் தூங்கவைத்து, மீதி இரவைக் கெடுக்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி. உயிரைக் காப்பாற்றியவனைத் திட்ட உரிமை உண்டா?

உண்டு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், உண்டு.

உங்களைத் தடுப்பது செய்ந்நன்றிக் கடன் என்ற எண்ணம். ஒருவர் செய்த ஒரு நன்மையை நினைத்தால் போதும், அவர் செய்த கொலைக்கு ஒப்பான கெடுதலும் மறைந்துபோகும் என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தச் சொல்லை நானும் மதிக்கிறேன். ஆனால் உங்கள் மனத்தில் கெடுதல் மறையவில்லையே? கடனுக்குக் கட்டுப்பட்டு அது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நன்றி வேறு, வாய் அடைத்துப்போவது வேறு.

நெருப்புக்குள் கையை விட்ட அந்த நிமிடத்தில் உங்கள் நண்பர் எதற்கும் விலை பேசவில்லை. பின்னால் உங்களிடமிருந்து ஒரு பெண்ணைப் பறிப்பதற்கு முன்பணமாக அதைச் செய்யவில்லை. தன் உயிரைப் பொருட்படுத்தாமல் செய்தார், அது முழுசாக நல்ல செயல். இன்றைக்கு அதைக் கழித்துக் குறைக்க யாராலும் முடியாது, உங்கள் கோபத்தாலும் முடியாது. அதேபோல், முதல் கடிதம் கைக்கு வந்தபோது அதைப் பையில் போட்டுக்கொண்டாரே, அதை எந்தத் தீக்காயமும் நியாயப்படுத்தாது. அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. அடுத்த கடிதம் வந்தபோது யோசிக்க நேரம் இருந்தது. அதற்கடுத்தது வந்தபோதும் இருந்தது. நீங்கள் கட்டோடு படுத்துக்கொண்டு, இன்னொருவர் கையால் எழுதவைத்து, வெட்கத்தை விட்டுச் சொன்ன வார்த்தைகள் அவை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எது கனம் என்று பார்க்கிறீர்கள். அதனால்தான் தூக்கம் வரவில்லை. இரண்டு கணக்கையும் தனித்தனியாக வையுங்கள். முதல் கணக்கில் நீங்கள் என்றைக்கும் அவருக்கு நன்றி உள்ளவர். இரண்டாவது கணக்கில் அவர் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இரண்டும் சேர்ந்து பூஜ்யம் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை.

வியட்நாம் போர் வீரர்களுக்குப் பல ஆண்டுகள் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர், எதிரி செய்ததைவிடத் தம் பக்கத்து ஆட்கள், குறிப்பாக மேலதிகாரிகள், செய்த துரோகம் வீரர்களை எவ்வளவு ஆழமாக உடைத்தது என்று 1990-களில் எழுதினார். உங்கள் நண்பர் அதிகாரி இல்லை. ஆனால் ராத்திரியில் அவர் காவல் நிற்கிறார் என்ற நம்பிக்கையில் நீங்கள் கண்ணை மூடியிருப்பீர்கள். அந்த நம்பிக்கை சாதாரண நட்பில் கிடைக்காது. அது உடைந்தால் வலிப்பதும் சாதாரணமாக இருக்காது. "இந்த வயதில் இதற்குப் போய்" என்று உங்களை நீங்களே சுருக்கிக்கொள்ளாதீர்கள்.

மனைவியையும் மகளையும் வேண்டாம் என்று சொல்வதுபோல் ஆகாதா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்கவைத்த வரி அதுதான். கடிதங்கள் போய்ச் சேர்ந்திருந்தால் இந்த மகள் இல்லை, இந்தப் பேரன் இல்லை. ஆகவே நடந்த தவறைத் தவறு என்று சொல்லவே பயப்படுகிறீர்கள்.

ஐயா, ஒரு செயலைக் கண்டிப்பதும், அதற்குப் பிறகு அமைந்த வாழ்க்கையை வேண்டாம் என்பதும் வேறு வேறு. போரில் வீட்டை இழந்து வேறு ஊரில் குடியேறியவர், அங்கே பிறந்த பிள்ளைகளை உயிராக நினைப்பார். அதற்காக வீட்டைக் கொளுத்தியவர்களுக்கு அவர் நன்றி சொல்வதில்லை. பிள்ளைகள்மேல் உள்ள பாசமும் கொளுத்தியவர்கள்மேல் உள்ள கோபமும் ஒரே மனத்தில் ஒன்றையொன்று தின்னாமல் இருக்கின்றன. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், நீங்கள் அனுமதித்தால். உங்கள் மனைவி உங்களுக்குக் கிடைத்தது உங்கள் நண்பர் செய்த காரியத்தால் இல்லை. இந்தக் குடும்பம் 36 வருடம் நீங்கள் இருவரும் தினம் தினம் செய்த வேலை. அதில் அவருக்குப் பங்கு கொடுக்காதீர்கள்.

மனைவியிடம் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும். இதை நான் உங்கள் விருப்பத்துக்கு விடப்போவதில்லை.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். யூனிட் ஆட்களில் இன்னும் யாருக்காவது இந்தக் கதை அரைகுறையாகத் தெரிந்திருக்கும். கூடாரத்தில் ரகசியம் தங்காது, உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பெண்மணி உங்களைப் பார்த்ததும் முகம் மாறலாம். உங்கள் நண்பர் மறுபடி அழலாம். உங்கள் மனைவி பக்கத்தில் இருந்தால் அங்கேயே புரிந்துகொள்வார். அவரை வீட்டில் விட்டுப் போனால், பிறகு யாரோ அனுப்பும் படத்திலிருந்து புரிந்துகொள்வார். இந்த 40 வருடக் கதையில் முழு உண்மையும் தெரியாமல் வாழ்ந்தவர்கள் நீங்கள், அந்த நர்ஸ், உங்கள் மனைவி, மூன்று பேர். உங்களிடமிருந்து உண்மை மறைக்கப்பட்டபோது எப்படி வலித்தது என்று இப்போது தெரிந்துகொண்டீர்கள். அதையே அவருக்குச் செய்யாதீர்கள்.

எப்படிச் சொல்வது? மகள் வீட்டில் இல்லாத ஒரு பகல் நேரம். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம், அவருக்கும் தூக்கம் போய்விடும். "என் நண்பன் போன் செய்து ஒரு விஷயம் சொன்னான், அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை" என்று ஆரம்பியுங்கள். நீங்கள் தூங்காததை அவர் ஏற்கெனவே கவனித்திருப்பார். காதலைச் சொல்லுங்கள், கடிதங்களைச் சொல்லுங்கள், அந்தப் பெண்மணி ஒன்றுகூடலுக்கு வரப்போகிறார் என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள். தவணை முறையில் சொன்னால், இன்னும் என்ன இருக்கிறதோ என்று ஒவ்வொரு நாளும் காத்திருப்பார். அதற்காக அந்தப் பெண்மணியின் சிரிப்பு எப்படி, கண் எப்படி என்று நீங்களாக விவரிக்க வேண்டாம். அவர் கேட்பதற்கு மட்டும் உண்மையான பதில் போதும்.

அனேகமாக அவர் கேட்பது, "இத்தனை வருஷமும் அவளை நினைத்துக்கொண்டுதான் இருந்தீர்களா?" என்பதாக இருக்கும். இதற்குப் பதிலை இப்போதே தேடி வையுங்கள். அழகான பதில் வேண்டாம், உண்மையான பதில். சில நாள் நினைத்தேன், வருடக்கணக்கில் நினைக்காமலும் இருந்தேன் என்பதுதான் உண்மை என்றால் அதையே சொல்லுங்கள். 36 வருடம் கூட வாழ்ந்தவரால் அதைத் தாங்கிக்கொள்ள முடியும். "ஒருநாளும் நினைத்ததில்லை" என்று சொன்னால் நம்பமாட்டார். அப்புறம் மற்றதையும் நம்பமாட்டார்.

உங்கள் மனைவிக்கு இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. தெய்வமாக நினைத்த மனிதரை இழக்கப்போகிறார். "உங்களை எனக்குக் கொடுத்தவர்" என்று இத்தனை வருடம் சொன்ன வார்த்தை அவரையே திருப்பி அடிக்கும். உங்களைவிட அவர் அதிகம் கோபப்படலாம், அல்லது "அவர் அப்படிச் செய்திருக்கமாட்டார்" என்று உங்கள்மேலேயே சந்தேகப்படலாம். அன்றைக்கு நண்பருக்காக நீங்கள் வக்காலத்து வாங்க வேண்டாம். அவரைத் தூற்றவும் வேண்டாம். மனைவி தன் வேகத்தில் வந்து சேரட்டும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் உங்களிடமே நேர்மையாக இருக்க வேண்டும். அந்தப் பெண்மணி இப்போது தனியாக இருக்கிறார் என்பதைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போயிருக்கிறீர்கள். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். தப்பான எண்ணம் என்று நான் சொல்லவில்லை. இருபதுகளில் நடந்தவை மற்ற வயதில் நடந்தவற்றைவிடத் தெளிவாக நினைவில் நிற்பது எல்லா மனிதருக்கும் பொது. பறிக்கப்பட்டது என்று தெரியவரும்போது அதன் பிரகாசம் இன்னும் கூடும். கலிஃபோர்னியாவில் உளவியல் பேராசிரியராக இருந்த நான்சி கேலிஷ், 1990-களில், பழைய காதலரோடு மறுபடி இணைந்த 1,001 பேரிடம் தகவல் திரட்டினார். அவர்களில் 72 சதவீதம் பேர் அப்போதும் சேர்ந்தே இருந்தார்கள். இந்த எண்ணைக் காட்டிப் பலர் கனவு காண்கிறார்கள். அவர் கணக்கெடுத்தவர்கள் தாமாக முன்வந்து தம் கதையைச் சொன்னவர்கள், அதில் பெரும்பாலோர் அப்போது தனியாக இருந்தவர்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள். குடும்பம் உள்ளவர்கள் "சும்மா ஒரு விசாரிப்பு" என்று தொடங்க வேண்டாம் என்று கேலிஷ் பின்னாளில் திரும்பத் திரும்ப எச்சரித்தார். அந்த உணர்வு விசாரிப்போடு நிற்பதில்லை என்பதை அவர் நிறையப் பார்த்திருந்தார். ஆகவே அந்தப் பெண்மணியோடு உங்கள் மனைவிக்குத் தெரியாத ஒரு போன் பேச்சு, ஒரு குறுஞ்செய்திகூட வேண்டாம்.

அடுத்து நண்பர். ஒன்றுகூடலுக்கு முன் நேரில், தனியாக, பகலில் பாருங்கள். போனில் வேண்டாம். அவர் அழுதால் நீங்கள் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள், போனில் அது இன்னும் சுலபம். ராத்திரி கூப்பிட்டு அழுதவர் பாரத்தை இறக்கிவிட்டார். அது இப்போது உங்கள் தலையில் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவரிடம் கட்டாயம் கேட்பது, "பட்டியலில் அவள் பெயர் வராமல் இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாயா?" என்பது. மண்டபத்தில் நீங்கள் இருவரும் ஐந்து நிமிடம் பேசினாலே எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். மாட்டிக்கொள்வதற்கு முதல் நாள் சொல்லும் உண்மையும் உண்மைதான், அதைச் சொல்லவும் துணிச்சல் வேண்டும். ஆனாலும் அது எந்த வகை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். "சொல்லியிருக்கமாட்டேன்" என்று அவர் ஒப்புக்கொண்டால், அந்த நேர்மையிலிருந்து ஏதாவது துளிர்க்க வழி இருக்கிறது. இத்தனை வருடமும் ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் உங்களைக் காப்பாற்றிய கதையை மற்றவர்கள் கொண்டாடியபோது அவர் உள்ளே என்ன பாடுபட்டார் என்பதையும் அவர் சொல்லட்டும். செய்யக்கூடாததைச் செய்தவனின் மனமும் காயப்பட்டதுதான். அந்தக் காயத்துக்கு நீங்கள் மருந்து போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இன்னொன்று, அந்தக் கடிதங்கள் என்ன ஆயின? எரித்துவிட்டாரா, இன்னும் வைத்திருக்கிறாரா? வைத்திருந்தால், அவை அவருக்குச் சொந்தம் இல்லை, உங்களுக்கும் இல்லை. யாருக்கு எழுதினீர்களோ அவருக்குச் சொந்தம். நீங்கள் இருவரும் உட்கார்ந்து பிரித்துப் படிக்காதீர்கள். அந்தப் பெண்மணி வேண்டும் என்றால் அவருக்குப் போகட்டும். வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பதையும் அவரே சொல்லட்டும்.

என்றைக்கு, எத்தனை கடிதம், யார் என்ன வார்த்தை சொன்னார்கள் என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். பலன் இருக்காது. 1991 வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய 59 அமெரிக்க வீரர்களிடம் ஸ்டீவன் சவுத்விக் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும், வந்த ஒரு மாதத்தில் ஒருமுறை, இரண்டு வருடம் கழித்து ஒருமுறை, ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். அருகில் குண்டு விழுந்ததா, சாவைப் பார்த்தீர்களா என்பது போன்ற கேள்விகள். 88 சதவீதம் பேர் ஒரு கேள்விக்காவது பதிலை மாற்றியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. இரண்டே வருடத்தில் இப்படி என்றால் 40 வருடத்தில் உங்கள் மூன்று பேரின் நினைவும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. கடிதங்களைக் கொடுக்கவில்லை, பொய் சொன்னார். இந்த இரண்டையும் அவரே ஒப்புக்கொள்கிறார். அதற்குமேல் துல்லியம் தேடினால் சண்டை தேதிகளைப் பற்றியதாக மாறிவிடும், நடந்த விஷயம் ஓரமாகப் போய்விடும்.

அவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு பயிற்சி செய்யுங்கள். நான்கு நாள், தினமும் 15 நிமிடம், அவரிடம் சொல்ல நினைப்பதையெல்லாம் காகிதத்தில் எழுதுங்கள். எழுத்துப் பிழை, நாகரிகம் எதையும் பார்க்காதீர்கள். அதை யாரிடமும் காட்ட வேண்டாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் இந்த முறையைச் சோதித்தார். எழுதிய உடனே பலருக்கு மனம் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. உங்களுக்கு இதில் வேறொரு லாபமும் உண்டு. முதல் வேகம் காகிதத்தில் இறங்கிவிட்டால், நேரில் பேசும்போது எதைச் சொல்ல வேண்டும் என்பது தெளிந்திருக்கும்.

மன்னிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததும் நல்லதே. மற்றவர்கள் கேட்பார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லி வைக்கிறேன். மன்னிப்பை நீண்டகாலம் ஆராய்ந்த எவரெட் வொர்த்திங்டன், பழிவாங்கமாட்டேன் என்று முடிவெடுப்பதையும் உள்ளே கசப்பு கரைவதையும் இரண்டு வேறு நிகழ்வுகளாகப் பிரிக்கிறார். முதலாவதை ஒரு நாளில் செய்யலாம். இரண்டாவது தன் நேரத்தில்தான் வரும், வராமலும் போகலாம். மன்னித்துவிட்டால் பழையபடி பழக வேண்டும் என்றும் இல்லை. "கோபம் போகவில்லை, ஆனால் உனக்குக் கெடுதல் நினைக்கமாட்டேன்" என்று நீங்கள் சொன்னால், இப்போதைக்கு அதுவே பெரிது.

அந்தப் பெண்மணி விஷயத்துக்கு வருகிறேன். உண்மை அவரிடம் போக வேண்டும். நீங்கள் ஆள் வைத்து உறவை முறித்துக்கொண்டீர்கள் என்று 40 வருடம் நம்பியிருக்கிறார். காயம்பட்டுக் கிடப்பவனுக்காகத் தவித்த ஒரு பெண்ணுக்கு, "மறந்துவிடச் சொன்னான்" என்ற ஒரு வரி என்ன செய்திருக்கும்! தன்னிடம் என்ன குறை என்று எத்தனை நாள் யோசித்தாரோ. அவர் வேண்டாதவராக ஒதுக்கப்படவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது.

ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை. பொய்யைச் சொன்னவர்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். உங்கள் நண்பர் தன் கையால் அவருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். ஒன்றுகூடலுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பாவது அது போய்ச் சேரட்டும். நான் செய்தேன், அவனுக்குத் தெரியாது, உங்களிடம் சொன்னது பொய். இவ்வளவு போதும். "எனக்கும் உங்கள்மேல்" என்று தன் காதல் கதையை அதில் நீட்ட வேண்டாம். பதில் எதிர்பார்க்கவும் வேண்டாம். அதைப் படித்த பிறகு வருவதா வேண்டாமா, உங்கள் இருவரில் யாரோடு பேசுவது, யாரோடு பேசாமல் இருப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. அவர் வராமல் போகலாம். எப்போதோ ஊகித்துவிட்டேன் என்றும் சொல்லலாம். நண்பர் சொன்னதை நம்பி நேரில் வந்து கேட்காமல் விட்டது ஏன் என்று உங்கள்மேலும் கோபப்படலாம். அதற்கும் தயாராக இருங்கள். நீங்கள் டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவரைத் தேடிப் பார்த்தீர்களா என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. அவர் கேட்கக்கூடும்.

நண்பர் எழுத மறுத்தால் ஒரு தேதி சொல்லுங்கள். அதற்குள் எழுதாவிட்டால் நீங்கள் எழுதுவீர்கள் என்று சொல்லுங்கள். அப்படி எழுத நேர்ந்தால் அந்தக் கடிதத்தை உங்கள் மனைவி படித்த பிறகு அனுப்புங்கள்.

இனி, போகலாமா? மனைவியிடம் பேசி, நண்பரைப் பார்த்து, அந்தப் பெண்மணிக்குக் கடிதமும் போய்ச் சேர்ந்திருந்தால், போங்கள். மனைவி வர விரும்பினால் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் போகவேண்டாம் என்றால், காரணத்தைக் கேளுங்கள், உடனே வாதாடாதீர்கள். மூன்றில் ஒன்று முடியாமல் இருந்தாலும் இந்த முறை போகாதீர்கள். உடம்பு சரியில்லை என்று குழுவில் போடலாம், தூக்கமில்லாதவருக்கு அது பொய்யும் ஆகாது.

அங்கே ஒரு நேரம் நிச்சயம் வரும். யாராவது எழுந்து, எரிகிற வண்டியிலிருந்து உங்களை அவர் இழுத்த கதையைச் சொல்லச் சொல்லுவார்கள், கை தட்டுவார்கள், உங்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். சொல்லட்டும். நடந்த கதைதானே? தோளில் கை போட மனம் வரவில்லை என்றால் போடாமல் நில்லுங்கள். மற்ற விஷயம் அந்த மண்டபத்துக்கு உரியது இல்லை. அங்கே அந்தப் பெண்மணியின் மானமும் இருக்கிறது, உங்கள் மனைவியின் மானமும் இருக்கிறது. யாராவது அரைகுறையாகக் கேட்டால், "அது எங்கள் விஷயம், பேசி முடித்துக்கொண்டோம்" என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண்மணி வந்திருந்தால் முதலில் உங்கள் மனைவியை அவருக்கு அறிமுகப்படுத்துங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று அவர் கேட்டால், மனைவியிடம் சொல்லிவிட்டு, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அரை மணி நேரம் போதும். நீங்கள் எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். எண் வாங்கிக்கொள்வது, தொடர்ந்து பேசுவது எல்லாம் வீட்டுக்கு வந்து, மனைவியோடு உட்கார்ந்து பேசிய பிறகு.